கோப்பிலிருந்து நான் எடுத்த பக்கம்

ஒரு மனிதர் எழுதிய ஒரு பக்கத்தைக் கோப்பிலிருந்து உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று விசாரணையில் சொன்னவன் நான். யாருக்குச் செய்திருந்தாலும் அது தவறு. நான் செய்ததோ, கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே காரணம் எழுதி வைக்காமல் தும்மக்கூட மாட்டார் என்று பெயரெடுத்த ஒருவருக்கு.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் பொறியியல் அலுவலகத்தில் நான் இஞ்சினியர். அவர் டெக்னிஷியன், அளவெடுப்பார், படம் வரைவார். "அண்ணே, சாப்பிடப் போலாமா?" என்றால், "எதனால இப்ப?" என்பார். அதனால் எல்லாருக்கும் அவர் 'எதனால' அண்ணன்.

ஒருநாள் வாழையிலைக் கடையில் சோறு வைத்த பிறகு, தலைக்கு மேல் மின்விசிறி ஆடுகிறது என்று எங்கள் ஏழு பேரையும் இலையோடு அடுத்த மேசைக்குக் கிளப்பினார். ரசம் என் சட்டையில் இறங்கியது. நாங்கள் கை கழுவும்வரை விசிறி சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"விழலையே அண்ணே!"

"விழலைன்னா நான் சொன்னது தப்பா? ஆடுறது தெரிஞ்சுது, அடுத்த மேசை காலி. அப்ப என்ன தெரிஞ்சுதோ அத வச்சுத்தான் முடிவ எடை போடணும். அப்புறம் நடந்தத வச்சுப் பாத்தா, அது நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற மாதிரி லா."

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அவர் விடவில்லை. "என்ன தெரிஞ்சா இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்வீங்க? ரெண்டு பக்கமும் இப்பவே எழுதிடுவோம்" என்று காகிதத்தை நீட்டினார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வடை தொண்டையில் நின்றது. மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டே பேனா கேட்டான். கல்யாணம் நடந்தது.

பிறகு கிள்ளானில் வெள்ள நீரை இறைக்கும் பம்ப் நிலையம் ஒன்றை எங்கள் அலுவலகம் கட்டியது. பம்புகளுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச் போர்டை மேல்தளத்தில் வைக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு பக்கம் எழுதிக் கோப்பில் வைத்தார். கடல் பெருக்கும் கனமழையும் ஒரே நாளில் வந்தால் கீழ்த்தளம் மூழ்கும் என்பது அவர் காரணம். மேல்தளம் கட்டினால் மழைக்காலத்துக்குள் பம்ப் ஓடாது என்பது என் காரணம். அவருடைய காரணம் காகிதத்தில் இருந்தது. என்னுடையது என் தலைக்குள்தான் இருந்தது. கீழேயே வைத்தேன்.

மறு ஆண்டு இரண்டும் ஒரே நாளில் வந்தன. போர்டு மூழ்கியது, பம்புகள் நின்றன, சுற்றுக் கிராமமான கம்பத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். விசாரணையில், "யாராவது எச்சரித்தார்களா?" என்று கேட்டார்கள். பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "இல்லை" என்றேன்.

"நான் எழுதிக் குடுத்தேன்" என்றார் அண்ணன். "எங்கே அந்தப் பேப்பர்?" என்றார்கள். வரைபடத்தில் அவர் கையெழுத்து இருந்ததால், சுங்கை பூலோவிலிருந்த எங்கள் சாமான் கிடங்குக்கு அவரை மாற்றினார்கள். அங்கே அவர் பெயர் 'புளுகு' அண்ணன் ஆனது.

அந்தப் பக்கத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்துத்தான், அதையும் ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு செந்தூலில் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் வரியிலேயே பேனாவை எடுத்தார்.

"'எல்லாம் என் தவறு'ன்னு போட்டிருக்கீங்க. எல்லாம்னா எது எது?"

"அண்ணே, மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

"தெரியுது சார். அத ஒழுங்கா கேளுங்க. போர்ட கீழ வச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். மழைக்கு முன்னாடி பம்ப் ஓடணும், அது நியாயமான காரணம். பேப்பர எடுத்தீங்க பாருங்க, அதான் தப்பு. 'எல்லாம்'னு போட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்." பேனாவை என்னிடம் நீட்டினார். "ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆறு வருசம் என்னையப் புளுகன்னாங்க. பேரப்பிள்ளைங்க காதுலயும் விழுந்துச்சு. அத எழுதுங்க."

மூன்று முறை திருத்தி எழுதினேன். பழைய ஊழியர்கள் கூடும் மதிய விருந்தில், அந்தப் பக்கத்தை உயர்த்திக் காட்டி, கடிதத்தை எல்லார் முன்னும் வாசித்தேன். கைதட்டல் ஏதும் இல்லை. கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர் மட்டும் எழுந்து அண்ணனிடம் வந்தார். "அண்ணே, அந்தப் பேர வச்சதே நான்தான்."

"கையில பேப்பர் இல்லாத ஆள எப்படி நம்புவ? அப்ப உனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். உக்காரு, சாப்பிடு."

இப்படிப்பட்ட அண்ணனுடன் ஒரே அறையில் வேலை செய்தவன் நான் என்று அப்போது பெருமையாகக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரோ என்னைக் காட்டி, "இவர மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

"இவருக்கு அப்பவே எல்லாமே தெரியும். அதனால அவ்ளோ சுலபம் இல்ல, யோசிக்கணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாங்க சார், பேசுவோம்."

இரண்டு வருடங்களாக வெள்ளிக்கிழமைதோறும் போகிறேன். எனக்குச் சாதகமாக மூன்று, பாதகமாக ஐந்து என்று பட்டியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. நானும் அவசரப்படுத்துவதில்லை. முடிவு வந்துவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை என்ன சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது?