ஓனரை எதிர்த்துப் போராடிய ஓனர்

"என்னை எதிர்த்து நீங்க ஏன் இன்னும் ஒரு போராட்டம்கூட பண்ணல?" என்று வாடகைக்கு இருப்பவர்களைக் கோபித்துக்கொண்ட வீட்டு ஓனர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பெங்களூர் ஈஜிபுராவில் இருந்தார். கோபித்துக்கொள்ளப்பட்ட நாலு பேரில் நானும் ஒருவன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். கரண்ட் பில்லில்கூட வந்திருக்கும். ஆனால் தெருவுக்கே அவர் லீடர். பால்காரர் லீடர் என்றார், கேபிள்காரன் லீடர் என்றான், எதிர்வீட்டு வாண்டுகள் 'லீடர் தாத்தா' என்றன. ஒரு பெரிய தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராகச் சேர்ந்து, யூனியனில் தலைவராகி, தொண்ணூறுகளில் கம்பெனி எல்லாருக்கும் விஆர்எஸ் என்ற விருப்ப ஓய்வைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். வந்த பணத்தை இருபதுக்கு முப்பது அடி மனையில் கொட்டி, இருந்த வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்தார். அந்த மாடியில்தான் நாங்கள் குடியேறினோம். தமிழ்நாட்டின் நாலு மூலையிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து சேர்ந்த நாலு பிரம்மச்சாரிகள்.

மற்ற ஓனர்கள் எல்லாம் "நான்வெஜ் சமைப்பீங்களா? ஃபிரெண்ட்ஸ் வருவாங்களா?" என்று கேட்பார்கள். லீடர் கேட்டது ஒரே கேள்வி.

"ஆபீஸ்ல யூனியன் கீதா தம்பி?"

"இல்ல சார்."

வீட்டில் கூரையே இல்லை என்று சொன்ன மாதிரி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப மேலதிகாரி அநியாயம் பண்ணா யாருகிட்ட போவீங்க?"

"ஹெச்ஆர்கிட்ட போவோம் சார்."

"அந்த ஹெச்ஆருக்கு யாரு சம்பளம் குடுக்கறது?"

"கம்பெனிதான்."

லீடர் சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் போய் நின்றார். அப்புறம் எங்கள் சம்பளத்தைக் கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அந்தப் பாதியே அவர் தலைநரைக்க வேலை பார்த்துக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை விட அதிகம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு என் தோளைத் தட்டி, "பரவால்ல தம்பி, கவலப்படாத. யூனியன் வச்சா இன்னும் ஏத்தி வாங்கலாம்" என்றார்.

குடிபோன மறுவாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. போய்ச் சொன்னோம்.

"வாய்ல சொன்னா செல்லாது. சங்கமா வாங்க."

"நாங்க நாலு பேருதானே லீடர்?"

"ஏழு பேர் இருந்தா ரிஜிஸ்டரே பண்ணலாம். போவட்டும், நாலு பேர வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அன்றைக்கே எங்கள் அறையில் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்கு லீடர் ஒருவர்தான் நின்றார், போட்டியின்றி ஜெயித்தார். வீட்டு ஓனரே வாடகைதாரர் சங்கத்துக்குத் தலைவர் ஆகலாமா என்று பாஸ்கர் சட்டம் பேசினான். பாஸ்கர் திருநெல்வேலிக்காரன், எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பான். "நான் எங்க தம்பி ஓனரு? வாடகை வாங்கறது யாரு, பெட்டில வச்சுப் பூட்டறது யாரு? அதுதான் மேனேஜ்மென்ட்டு" என்று கீழ்வீட்டைக் காட்டினார் லீடர். கீழே அவர் மனைவி பத்மாக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பேச்சுவார்த்தை மாடிப்படியில் நடந்தது. எங்களை வரிசையாக உட்காரவைத்து, எங்கள் பக்கம் தானும் உட்கார்ந்து, லீடர் முழங்கினார். "இருபத்து நாலு மணி நேரத்துல தண்ணி வரலன்னா, பின்விளைவுகளுக்கு நிர்வாகமே பொறுப்பு!"

பத்மாக்கா தலையைத் தூக்காமலே சொன்னார். "மோட்டாரு சுவிட்ச் உன் தலைக்கு மேலதான்யா கீது. போட்டுட்டுப் பேசு."

லீடர் எழுந்து சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வந்தது. முதல் வெற்றி என்று எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இத்தோடு நின்றிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போகிறோம் என்று பாஸ்கர் ஒரு நாள் வாய்தவறி உளறிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

"ஓவர்டைம் எவ்ளோ தரான்?"

"ஓவர்டைம்லாம் கிடையாது லீடர். பீட்சா வாங்கித் தருவாங்க."

"அப்டின்னா?"

விளக்கினோம். கேட்டுவிட்டு, "ஒரு ரொட்டிக்கு ஒரு ஞாயித்துக்கெழமையா? எங்க அப்பன் காலத்துல கூலிக்காரங்கூட இதுக்கு ஒத்துக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை பாஸ்கரின் சட்டையில் தன் கையாலேயே ஒரு கறுப்பு பேட்ஜைக் குத்தி அனுப்பினார். அறவழி எதிர்ப்பாம்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் கறுப்பு பேட்ஜை யார் கண்டார்கள்? அவனுடைய டீம் லீட் அதைப் பார்த்ததும் பதறிப்போய், "அப்பாவா?" என்று கேட்டார். பாஸ்கர் திருதிருவென்று விழித்தான். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி, ஒரு வாரம் லீவு கொடுத்து, கம்பெனி காரிலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அன்று மாலை திருநெல்வேலியிலிருந்து ஒரு ஃபோன் வந்து, "நான் பாஸ்கரோட அப்பா பேசுறேன்" என்றதில் ரிசப்ஷன் பெண் ரிசீவரைக் கீழே போட்டுவிட்டாள்.

லீடருக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு துண்டு துணி தம்பி! ஒரே நாள்ல ஒரு வாரம் லீவு! சம்பளத்தோட! எங்க ஃபேக்டரிலகூட இப்டி ஜெயிச்சதில்ல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் பத்மாக்கா காலையில் நாங்கள் எழுவதற்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார். பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. விஆர்எஸ் பணம் கட்டடத்தில் கரைந்த வருஷம் சேர்ந்தவர். லீடரிடம் ஒருமுறை, "அக்கா ஃபேக்டரில யூனியன் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது ஃபேக்டரியா தம்பி? லேத் கீதா, ஃபர்னஸ் கீதா? தையல் மெஷினு. பொம்பளைங்க நாலு பேரு உக்காந்து பேசிக்கினே தைக்கறது. பத்மாவுக்குப் பொழுது போவணுமில்ல, போவுது" என்றார்.

ஒரு நாள் பத்மாக்கா மாடிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"வாடகைய கொஞ்சம் ஏத்திக் குடுப்பீங்களா தம்பி? கண்ணு சரியா தெரியல. ஊசில நூல் கோக்கறதுக்குப் பக்கத்துப் பொண்ணக் கெஞ்ச வேண்டியதா கீது. இடுப்பு வேற போச்சு. நீங்க ஏத்திக் குடுத்தா நான் வேலைய விட்டு நின்னுடுவேன்."

அவர் கேட்ட தொகை, நாங்கள் ஒரு சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போனால் ஆகிற செலவு. அதற்காக ஒரு மனுஷி வாசற்படியில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. நாலு பேரும் ஒரே குரலில் சரி என்றோம்.

"ஆனா காரணத்த அவருகிட்ட சொல்லாதீங்க. 'நான் சம்பாதிக்கலன்னு குத்திக் காட்டறியா'ன்னு மனசு ஒடஞ்சுடுவாரு."

காரணம் சொல்லவில்லை. ஆனால் வாடகை உயர்வு லீடர் காதுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், பொங்கிவிட்டார்.

"ஒரு பைசா ஏத்திக் குடுக்கக் கூடாது!"

"பரவால்ல லீடர், நாங்க குடுத்துடறோம்."

"தலைவனக் கேக்காம மேனேஜ்மென்ட்டோட தனியா செட்டில் பண்றியா? அதுக்குப் பேரு கருங்காலித்தனம், தெரியுமா?"

வாடகை தருகிறேன் என்று சொன்னதற்காகக் கருங்காலி ஆனவன் உலகத்திலேயே நான்தான். லீடரை மீறிக் கொடுத்தால் அவர் மனம் நோகும், கொடுக்காவிட்டால் பத்மாக்கா மெஷினை விட்டு எழ முடியாது. நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை லீடர் மாடிப்படியில் பாயை விரித்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கூட நாங்களும் உட்கார வேண்டியதாயிற்று. கீழ்வீட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை ஏறி வந்தது. போராட்டத்தை உடைக்க நிர்வாகம் செய்கிற சதி என்றார் லீடர். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே சொன்னார். வேடிக்கை பார்க்கத் தெருவில் பத்துப் பேர் சேர்ந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"உழைக்கறவன் மிஷின் இல்ல! அவனுக்கு உக்காரணும், தண்ணி குடிக்கணும், ஒண்ணுக்குப் போவணும்! எங்க ஃபேக்டரில டீ டைம் வாங்கிக் குடுத்தது யாரு? நான்!"

பத்மாக்கா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த புடவையை உதறியபடியே, யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"எங்க லைன்ல யாரும் தண்ணி குடிக்கறதில்ல."

லீடர் நிறுத்தினார். "ஏன்?"

"குடிச்சா போவணும். போனா சூபர்வைசரு கத்துவான். எல்லார் எதிர்லயும் கேவலமா பேசுவான். அதுக்குக் குடிக்காமயே இருந்துடலாம். காலைல ஒரு டம்ளர். அப்புறம் வூட்டுக்கு வந்துதான்."

"எத்தினி பேரு அப்டி?"

"எல்லாரும்தான். ஆயிரம் பேருக்கு மேல கீறோம்."

"ஆயிரம் பேரா?" லீடர் குரல் இறங்கிவிட்டது. "நீ சொல்லவே இல்லியே பத்மா."

"நீ யார் யாருக்கோ கேட்டே. எங்கிட்ட கேக்கலியே."

பத்மாக்கா காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். லீடர் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது.

சாயங்காலம் மாடிக்கு வந்தார். இந்த முறை எங்கள் பக்கம் உட்காரவில்லை, எதிரே உட்கார்ந்தார்.

"நான் இப்ப உங்க தலைவரா வரல. பத்மா சார்பா வந்துகிறேன். அது கேட்ட வாடகை பத்தாது. அதுக்கு மேல பாதி சேத்துக் குடுக்கணும்."

"சரி லீடர்" என்றோம்.

லீடருக்கு வந்ததே கோபம்! "இன்னாடா சரி? எடுத்த எடுப்புல ஒத்துக்கினா அதுக்குப் பேரு பேச்சுவார்த்தையா? முடியாதுன்னு சொல்லுங்கடா! எழுந்து வெளிய போங்க!"

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனோம். தெருமுனையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து ஒத்துக்கொண்டோம். அதன் பிறகே அவர் முகம் தெளிந்தது.

மாதக் கடைசியில் பத்மாக்கா வேலையை விட்டார். கடைசி நாளன்று கூட்டிவரத் தானே போகிறேன் என்று லீடர் கிளம்பினார். சனிக்கிழமை ஆனதால் பாஸ்கரும் நானும் கூடப் போனோம். "அந்த சூபர்வைசரு காதுல விழற மாதிரி நாலு வார்த்த பேசாம வரமாட்டேன்" என்று பஸ்ஸிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

சங்கு ஊதி, கதவு திறந்தது. உள்ளே பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியாகப் பையைத் திறந்து காட்ட, செக்யூரிட்டி கையை விட்டுத் துழாவிப் பார்த்து வெளியே விட்டான். வெளியே வந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். வந்துகொண்டே இருந்தார்கள், முடிகிற பாடாக இல்லை. லீடர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்மாக்கா பையைக் காட்டிவிட்டு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இன்னாயா இங்க வந்து நிக்கறே? எதனா பேசி மானத்த வாங்காத, ஆமா."

லீடர் பத்மாக்கா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பிறகு கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, "உன் மிஷினு எங்க கீது?" என்று கேட்டார்.

"அதோ, மூணாவது மாடி. இங்கேர்ந்து தெரியாது. நடுவுல."

லீடர் அந்த மூன்றாவது மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஒன்று வந்து போனது, இன்னொன்றும் போனது. "தெரியாதுன்னு சொல்றேன், இன்னாத்தயா பாக்கறே, வாய்யா" என்று பத்மாக்கா முழங்கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்புக்கு நடந்தாலும் தலையைத் திருப்பித் திருப்பி மேலே பார்த்துக்கொண்டேதான் வந்தார். அவரோடு நான் இருந்த வருஷங்களில் அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்த ஒரு சாயங்காலம்தான்.