ஜெனியின் அப்பாக்கள்

தபால்காரர் சண்முகசுந்தரத்தின் இடது காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "அப்பா!" என்றாள் ஜெனி.

சைக்கிளைப் பிடிப்பதா, கடிதக் கட்டைப் பிடிப்பதா, மானத்தைப் பிடிப்பதா என்று தெரியாமல் தடுமாறினார் அவர். சாந்தோமின் அந்தச் சந்தில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற எட்டுப் பெண்களும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள் ஈவ்லின்.

"ஜெனி! விடுடி அவரை!"

"இது ரெண்டாவது தடவைம்மா," என்றார் சண்முகசுந்தரம் பாவமாக. "என் சம்சாரம் மந்தைவெளிக்குத்தான் காய் வாங்க வர்றா. யாராவது போட்டுக் குடுத்தா என் கதி என்ன?"

"மன்னிச்சிடுங்க சார். இவ அப்பா மிலிட்டரியில இருக்கார். வீட்ல யூனிஃபார்ம் போட்ட போட்டோதான் இருக்கு. அதனால காக்கியைப் பார்த்தாலே இப்படி..."

"மிலிட்டரி பச்சை இல்லையாம்மா?"

"போட்டோ கறுப்பு வெள்ளை சார்."

அவர் கடிதக் கட்டைப் பிரித்தார். ஒரு இன்லண்ட் கடிதத்தை நீட்டிவிட்டு, ஜெனி மறுபடி எட்டுமுன் சைக்கிளை மிதித்தார்.

கடிதம் நோயலுடையது. ஹவில்தார் நோயல் காஷ்மீருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கிளம்பும்போது ஜெனிக்கு ஒரு வயது. சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். நடுவில் இரண்டு முறை லீவு கிடைத்து, இரண்டு முறையும் ரத்தானது. இந்தத் தடவை டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை சென்ட்ரலில் இறங்குகிறானாம். கிறிஸ்துமஸ் வீட்டில்தான். ஈவ்லினுக்குப் படியிலேயே ஒரு ஆட்டம் போடலாம் போல் இருந்தது. கடைசிப் பத்தியைப் படிக்கும்வரை.

'மெர்லின் பெரியவள், கவலையில்லை. ஜெனிக்கு என்னைத் தெரியுமா ஈவ்லின்? எங்க காஸ்பர் போன மாசம் லீவுல போனான். அவன் பையன் மூணாம் நாள் அம்மாகிட்ட, இந்த அங்கிள் எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்கன்னு கேட்டானாம். காஸ்பர் இங்க வந்து சொல்லிச் சிரிச்சான். நாங்களும் சிரிச்சோம். அப்புறம் ஆளாளுக்கு வீட்டுக்கு லெட்டர் எழுத உட்கார்ந்தோம்.'

ஈவ்லின் கடிதத்தை மடித்தாள். இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதற்குள் இந்தப் பிள்ளைக்கு அப்பாவைச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும்.

அன்று மாலை மாதா படத்துக்குக் கீழே இருந்த போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே ஜெனி. பக்கத்தில், இரண்டாம் வகுப்பு படிக்கிற மெர்லின், உதவி ஆசிரியை தோரணையில்.

"சட்டையைப் பார்க்கக் கூடாது கண்ணு. முகத்தைப் பாரு. அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மீசை பாரு!"

"மீச," என்றாள் ஜெனி.

"அப்பாவுக்கு என்ன இருக்கு?"

"மீச!"

ஈவ்லின் அவளைக் கட்டி முத்தமிட்டாள். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்கும் நேரம். கோயிலே மூச்சு விடாமல் இருந்தது. வரிசையில் ஈவ்லின், இடுப்பில் ஜெனி. வழக்கமாக வரும் சாமியாருக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். நல்ல கறுகறுவென்று, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை.

ஜெனி இரண்டு கையையும் நீட்டினாள்.

"அப்பா!"

ஒரு தூண் விடாமல் எதிரொலித்தது. பாட்டுக்குழுவில் யாரோ ஆர்மோனியத்தில் கையை ஊன்றிவிட்டார்கள். ஈவ்லின் நன்மையை விழுங்குவதா, தரையில் புதைவதா என்று நின்றாள்.

பின்னால் நின்ற மெர்லின் நிலைமையைக் காப்பாற்ற முன்வந்தாள். "சரிதாம்மா. ஃபாதர்னா அப்பான்னுதான் எங்க மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

வெளியே வந்தபோது அந்தச் சாமியார் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "விடுங்கம்மா. எல்லாரும் இங்கிலீஷ்ல கூப்பிடுறாங்க, உங்க பொண்ணு ஒருத்திதான் தமிழ்ல கூப்பிட்டிருக்கா."

அந்த வாரம் மட்டும் ஜெனிக்கு மீன்காரர், சலவைக்காரர், ரேஷன் கடைச் சுவரொட்டியில் ஓட்டுக் கேட்ட வேட்பாளர் எனப் புதிதாக மூன்று அப்பாக்கள் சேர்ந்தார்கள்.

"மீசையை விடு ஈவ்லின்," என்றாள் கீழ் வீட்டு டோரதி ஆன்ட்டி. வீட்டுக்காரி. அந்தச் சந்தில் டெலிபோன் வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் எல்லார் விஷயத்திலும் அபிப்பிராயம் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. "முகம் மாறும், மீசை மாறும். குரல் மாறுமா? இந்த சண்டே நோயல் போன் பண்ணும்போது குழந்தை காதுல வை."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஞாயிறு மாலை எங்கேயோ பனியில் வரிசையில் நின்று நோயல் போன் செய்தான். ஈவ்லின் ரிசீவரை ஜெனியின் காதில் வைத்தாள்.

"ஜெனிக் கண்ணு! அப்பா பேசுறேன்டா! அப்பா!"

ஜெனியின் கண் விரிந்தது. ரிசீவரைத் திருப்பி அதன் ஓட்டைகளை உற்றுப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"அப்பா உள்ள," என்றாள் மெதுவாக.

"என்னை அப்பான்னுட்டா!" என்று அந்தப் பக்கம் நோயல் கத்தியது அறைக்கே கேட்டது. ஈவ்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் குழந்தை சொன்ன இரண்டாவது சொல்லை அவள் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ஜெனி தான் எதைத் தின்றாலும் பாதியை மூடிய கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். டோரதி ஆன்ட்டியோடு அவளுக்கு அத்தனை ஒட்டுதல் என்று மேலே ஈவ்லின் நிம்மதியாகச் சமைத்தாள். புதன்கிழமை டெலிபோன் செத்தது.

டோரதி ஆன்ட்டி ரிசீவரோடு மாடிக்கே வந்துவிட்டாள். வாய்ப் பகுதியின் மூடியைத் திருகி, உள்ளே இருந்ததைக் காட்டினாள். இரண்டு வாய் ரவா உப்புமா, நனைந்த பிஸ்கட், பாதி முந்திரி.

"அப்பா மம்மு," என்று விளக்கினாள் ஜெனி.

கோபப்படத்தான் டோரதி ஆன்ட்டி வந்தாள். ஆனால் அந்தப் பாதி முந்திரியைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "முந்திரியைக்கூடப் பாதி குடுத்திருக்கா பாரேன்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை லைன்மேன் வந்தார். காக்கிச் சட்டை. அடர்த்தியான மீசை. தோளில் ஒயர் சுற்று, இடுப்பில் தொங்கும் ஒரு சோதனை ரிசீவர். கம்பத்துக்கடியில் நின்று அதைக் காதில் வைத்து, "அலோ, அலோ" என்றார்.

மாடிப் படியில் உட்கார்ந்திருந்த ஜெனி எழுந்து நின்றாள். சட்டை இருந்தது. மீசை இருந்தது. போனும் இருந்தது. இனி என்ன சந்தேகம்?

"அப்பா வந்தாச்சு! அப்பா வந்தாச்சு!"

சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. நோயல்தான் வந்துவிட்டான் என்று எதிர் வீட்டு அம்மாள் ஆரத்திக்கு மஞ்சள் கரைக்கப் போனாள். ஈவ்லின் ஓடிவந்தபோது லைன்மேன் கம்பத்தில் நாலடி ஏறியிருந்தார். அவருடைய கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே ஜெனி.

"யம்மா, இன்னாம்மா இது?" என்று மேலிருந்து கெஞ்சினார். "எனக்கு இன்னும் கண்ணாலமே ஆவலம்மா! வர்ற தையிலதான் வச்சிக்கீது! பொண்ணு வூடு இங்க பக்கத்துலதான், லஸ்ஸாண்ட கீது, இங்கேர்ந்து கூப்பிட்டா கேக்கும்மா!"

அன்று ஈவ்லின் ஒரு முடிவுக்கு வந்தாள். அடையாளமே வேண்டாம். ஒத்திகைதான் வழி.

"இதோ பாரு ஜெனி. நீயா யாரையும் அப்பான்னு சொல்லக் கூடாது. ரயில் வரும். அப்பா இறங்குவாங்க. அம்மா 'இதோ அப்பா'ன்னு காட்டுவேன். அப்ப ஓடிப்போய்க் கட்டிக்கணும். சரியா?"

கட்டில் ரயில் ஆனது. நோயலின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்மையில் மீசை வரைந்துகொண்டு, பள்ளிக்கூடப் பெட்டியோடு மெர்லின் இறங்கினாள். "இதோ அப்பா!" என்றாள் ஈவ்லின். ஜெனி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பத்து முறையும் பிசகாமல் கட்டிக்கொண்டாள்.

விளைவு, அடுத்த மூன்று நாள் மெர்லினை அவள் வேறு பெயரில் கூப்பிடவில்லை. மெர்லினுக்கும் பதவி பிடித்துப்போயிற்று.

"அப்பா சொல்றேன், அந்த சாக்லேட்டைக் குடு."

ஜெனி கொடுத்தாள்.

"அப்பாவுக்குக் கால் அமுக்கு."

ஜெனி அமுக்கினாள். ஈவ்லின் மெர்லினின் மீசையை முந்தானையால் அழித்தபோது வீட்டில் இரண்டு பேர் அழுதார்கள்.

பதினெட்டாம் தேதி காலை மூவரும் ஆட்டோவில் சென்ட்ரல் போனார்கள். ஈவ்லின் கல்யாணத்துக்கு வாங்கிய நீலப் பட்டைக் கட்டியிருந்தாள். வழி நெடுக, "அம்மா சொன்னாத்தான் அப்பா. சரியா?" என்று ஓதிக்கொண்டே வந்தாள். ஜெனியும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

வண்டி வந்து நின்றது.

கிறிஸ்துமஸ், புது வருஷ லீவு. பெட்டி பெட்டியாக ஜவான்கள் இறங்கினார்கள். அத்தனை பேரும் யூனிஃபார்மில். அத்தனை பேருக்கும் மீசை. அத்தனை பேர் கையிலும் பெட்டி.

ஜெனி பிரமித்துப்போனாள். இத்தனை நாள் இல்லை இல்லை என்று சொல்லிவந்த அம்மா, கடைசியில் எல்லாரையும் மொத்தமாகக் கொண்டுவந்து காட்டுகிறாளே!

"அப்பா! அப்பா! அப்பா! அப்பா!"

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவனும் திரும்பிப் பார்த்தான். ஒருவன் அவள் கன்னத்தைத் தட்டினான். ஒருவன் தன் குழந்தைக்கு வாங்கிவந்த ஆப்பிளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஒருவன் குனிந்து, "எங்க, இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா," என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வேகமாக நடந்தான். ஈவ்லினால் யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நோயல் இல்லை.

கூட்டம் கரைய ஆரம்பித்தது. சுமைக்கூலிகள்கூடப் போய்விட்டார்கள். மறுபடியும் லீவு ரத்தாகியிருக்குமோ? ஈவ்லின் காலிப் பெட்டிகளின் ஜன்னல்களை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா! அதோ அப்பா!"

ஜெனி நடைமேடையின் கோடியைக் காட்டினாள். அங்கே ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். ஒல்லி ஆள். பழுப்பு ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா. தோளில் ஒரு சின்னப் பெண்; கை காலை உதைத்து அலறிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கொஞ்சி, குலுக்கி, மாறி மாறி முத்தமிட்டுக்கொண்டிருந்தான்.

"யூனிஃபார்மே இல்ல," என்று மெர்லின் உதட்டைப் பிதுக்கினாள்.

"அது வேற யாரோ பாப்பாவோட அப்பா கண்ணு," என்றாள் ஈவ்லின் களைப்பாக. "பாரு, அவங்க பொண்ணைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"எங்கப்பா!" ஜெனி தரையில் காலை உதைத்தாள்.

"அம்மா சொன்னாத்தான் அப்பான்னு சொன்னேனா இல்லையா? வா, ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட விசாரிப்போம்."

அழுகிற ஜெனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி நடக்கத் தொடங்கியபோது, பின்னாலிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக, ஒரு கையில் பால் புட்டியோடு ஓடிவந்தாள்.

"யம்மா, இங்க யாரும்மா ஈவ்லினு? நா பால் வாங்கப் போன நேரம் ஒன் வூட்டுக்காரரு எம் பொண்ணத் தூக்கி வச்சிக்கினு, 'அப்பாவத் தெரியலியா ஜெனி, ஈவ்லின் எங்க'ன்னு அழுதுக்கினு கீறாரு. சீக்கிரம் வந்து ஒன் கொயந்தயக் குட்த்து எங்கொயந்தய வாங்கிக் குடும்மா!"