கழுத்தில் தொங்கிய மௌனம்

மூன்றாவது நாள் காலையிலும் நரெலால் தன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. கழுத்தில் அட்டை தொங்கியது. ‘மௌனம்’ என்று எழுதிக் கயிறு கோத்த அட்டை. பின்பக்கம் திருப்பினால் நூடுல்ஸ் பெட்டியின் படம் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் அக்கா லொரெய்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்காக, விமானம் ஏறி பாலித் தீவின் யோகா முகாமுக்கு வந்தவள் நரெல். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸில், மொத்தக் குடும்பமும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்துச் சுடும் பாவ்லோவா கேக்கைத் தானே செய்ததென்று பெருமையாகக் கொண்டுவந்து வைத்தாள் லொரெய்ன். “எந்தக் கடையில வாங்கின?” என்று கேட்டுவிட்டாள் நரெல். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அக்கா இந்த முகாமுக்குப் போகிறாள் என்று அக்கா மகள் சொன்னதும், நரெலும் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் இடம் பதிந்துகொண்டாள். குனிந்து செருப்பு மாட்டவே மூச்சு வாங்குகிறவளுக்கு யோகா எதற்கு?

வந்த சாயங்காலமே அவள் ஆசையில் மண்ணைப் போட்டார் குரு ஆனந்தா. பெயர்தான் ஆனந்தா, ஆள் வில்லெம் என்கிற ஹாலந்துக்காரர்.

“இந்த வாரம் முழுக்க யாரும் பேசக்கூடாது. கிளம்பற அன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுலதான் வாயைத் திறக்கணும்” என்றார். அதைச் சொல்லிவிட்டு, மௌனத்தின் மகிமையைப் பற்றி இருட்டும்வரை பேசினார்.

வாய் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று நரெல் இப்போது சாப்பாட்டு மேசையில் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டாள். லொரெய்ன் நிமிர்வதற்குள் எதிரே இருந்த ஜெர்மன்காரர் பதிலுக்குக் கும்பிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கும்பிடு மேசையைச் சுற்றி வந்து முடிவதற்குள் முட்டை ஆறிப்போனது. லொரெய்ன் எழுந்து போயிருந்தாள்.

நரெல் சமையலறைக்கு ஓடினாள். சமையல்கார சுகெர்திக்கு மௌனம் கிடையாது. எல்லோரும் அவளை ‘இபு’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

“இபு, ஒரு உதவி பண்ணணும்.”

“அட்டையை மாட்டிக்கிட்டே பேசறீங்களேம்மா!”

நரெல் அட்டையைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தாள். “இப்போ?”

“இப்போ சரி. சொல்லுங்க.”

“எங்கக்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும். வாயாலதான் முடியல, பலகாரத்தால கேக்கலாம்னு.”

“நாங்க சாமிகிட்ட அப்படித்தான் கேப்போம். ஓலைத் தட்டுல பூ, கொஞ்சம் சோறு, ஒரு பிஸ்கட். வாசல்ல வச்சுட்டு வந்துடுவோம். சாமி எதுத்துப் பேசாது பாருங்க.”

“எங்கக்காவும் இந்த வாரம் எதுத்துப் பேசமாட்டா!”

இருவருமாகச் சின்னதாக ஒரு பாவ்லோவா சுட்டார்கள். அதைப் பூவோடு ஓலைத் தட்டில் வைத்து நரெல் அக்கா அறை வாசலுக்குக் கொண்டுபோனாள். தரையில் வைத்தால் மிதித்துவிடுவாளே என்ற கவலையில், பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த அக்காவின் யோகா பாய்மேல் வைத்துவிட்டு வந்தாள். வாசல் படையல் சாமிக்கு ஒரு நொடிதான், அப்புறம் அது எறும்புக்கு என்பது பாலியில் எல்லோருக்கும் தெரியும். நரெலுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை லொரெய்ன் பாயை விரித்துத் தலைகீழாக நின்றாள். எறும்புகள் நேராகவே நடந்தன. லொரெய்ன் துள்ளி, பக்கத்தில் நின்ற குருவின் மேலேயே விழுந்தாள்.

“ஐயோ, என் இடுப்பு!” என்று குரு மௌனத்தை உடைத்தார். அது அன்றைக்கு எத்தனையாவது தடவையோ.

லொரெய்ன் பாயில் ஒட்டியிருந்த பாவ்லோவாவின் வெள்ளைத் தூளைக் கிள்ளி முகர்ந்தாள். பிறகு நரெலை ஒரு பார்வை பார்த்தாள்.

“குத்திக் காட்டறேன்னு எங்கக்கா நினைச்சிருப்பா, இபு!” நரெல் மறுபடி சமையலறையில் நின்றாள்.

“விடுங்கம்மா. மிச்ச நாளைக்காவது பேசாம இருங்க.”

“அதுதானே முடியல!”

ஆனாலும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும், கூடம் அவ்வளவு காலியாகக் கிடக்க, லொரெய்ன் பாயை உதறி எடுத்துவந்து நரெலின் பாய்க்குப் பக்கத்திலேயே விரித்தாள். வேண்டுமென்றே வெறுப்பேற்றுகிறாள் என்று முடிவு கட்டினாள் நரெல்.

கடைசி நாள் காலை, எல்லோரும் சவாசனத்தில் மல்லாந்து கிடந்தார்கள். அக்காவின் கை நரெலின் கையருகே விரிந்து கிடந்தது. சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம்வரை யாரால் பொறுக்க முடியும்?

“லொரெய்ன், மன்னிச்சுடு. நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்று கிசுகிசுத்தாள்.

லொரெய்ன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கை மட்டும் நகர்ந்து வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

“கடையில வாங்கினதாவே இருந்தாலும், எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது.”

கை விலகியது.

“நான் கடையில வாங்கலடி.”

“சரி, விடு. குப்பைத்தொட்டியில கடைப் பெட்டியைப் பார்த்ததைக்கூட நான் யார்கிட்டயும் சொல்லல.”

“அது பக்கத்து வீட்டுக்காரி போட்ட பெட்டிடி!”

“இன்னும் எதுக்குப் பொய்?”

“யாருடி பொய் சொல்றது?”

“எல்லாரும் பிணமாப் படுங்க!” என்று குரு கத்தினார்.

லொரெய்ன் பாயைச் சுருட்டினாள். “இனிமே என் மூஞ்சியில முழிக்காதே” என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வண்டி பிடித்து விமான நிலையத்துக்குப் போய்விட்டாள்.

சாப்பாட்டு மேசையில் ஒரே கும்மாளம். அடைத்து வைத்த வாய்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. நரெல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிடித்திருந்த கையைத் தானே உதறிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

“எல்லாம் இந்தப் பாழாப்போன மௌனத்தால வந்தது, இபு. முதல் நாளே பேச விட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?”

சுகெர்தி அவள் கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இங்க மௌனம்லாம் எப்பவுமே கிடையாதும்மா. நீங்க வந்து இறங்கறதைப் பார்த்துட்டு உங்கக்காதான் குருகிட்ட ஓடிவந்து கெஞ்சினாங்க. என்கிட்ட நூடுல்ஸ் பெட்டி வாங்கி இந்த அட்டையெல்லாம் வெட்டினதும் அவங்கதான். ‘இந்த ஒரு வாரம் எல்லார் வாயையும் கட்டிடுங்க, நாங்க ரெண்டு பேரும் பேசாம மட்டும் இருந்துட்டா, என் தங்கச்சி எனக்குத் திரும்பக் கிடைச்சிடுவா’ன்னாங்க.”