ஹைருன் பீவி எடுத்த பிரேக்

மசூது ஒரு பெரிய முடிவோடு எழுந்தார். இந்தச் சாரலுக்குக் குற்றாலம் போவது ஆட்டோவில் இல்லை. புது சைக்கிளில். பின்னால் மனைவி ஹைருன் பீவி.

கல்யாணமான வருஷம் தென்காசியிலிருந்து அப்படித்தான் போனார்கள். தூறலில் நனைந்த பிரேக் கட்டை பிடிக்கவே இல்லை. இறக்கத்தில் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்தினார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை நினைத்தே துபாயில் இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார். ஊருக்கே திரும்பிவிட்டார், இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டும்.

ஆகவே மழையிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக். அதிலும் ஹைட்ராலிக், ஒரு விரல் போதும். ஆனால் இவர் ஒன்றைச் சொன்னால் ஹைருன் மற்றதைத்தான் எடுப்பாள். வீட்டுக்குச் சேலை, மீன், மருமகன் எல்லாம் அப்படி வந்தவைதான். அதனால் கடைக்குப் போகும் வழியெல்லாம் கம்பி வைத்த மெக்கானிக்கல் பிரேக்கைப் புகழ்ந்தார்.

"கம்பி இழுக்குத பிரேக்தான் நமக்கு லாயக்கு. அந்துபோனா எந்தக் கடையிலயும் மாத்திக்கிடலாம்."

"இன்னொன்னு?"

"ஹைட்ராலிக்கா? குழாய்க்குள்ள எண்ணெய். கெட்டுப்போனா இங்கன யாரு பாப்பா? வேண்டாம், வேண்டவே வேண்டாம்."

கடையில் ஹைருன் இரண்டையும் அமுக்கிப் பார்த்தாள். கடைக்கார ஆசிப்பிடம் தனியாக என்னவோ பேசினாள்.

"ஹைட்ராலிக்கே குடுப்பா. கேரியரும் மாட்டிரு."

மசூது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார். "ஒன் இஷ்டம். நான் சொன்னா கேக்கவா போற?"

"நீங்க ரெண்டு தடவ வேண்டாம்னா, வேணும்னு அர்த்தம். எத்தன வருஷமா போன்ல ஒங்க பேச்சக் கேக்கேன்."

மசூது அசடு வழிந்தார். போகட்டும், பிரேக் வந்துவிட்டது. ஆசிப் பிரேக் பிடியைத் திருகி உள்பக்கம் நெருக்கினான்.

"ஏன்டே கிட்ட கொண்டு வார? என் விரலு நீளம்லா."

"மாமிக்கு எட்டணும்லா, மாமா. ஓட்டப்போறது அவங்கதானே?"

மசூது திரும்பினார். "நீ எப்ப சைக்கிள் ஓட்டப் படிச்ச?"

"நம்ம மக ஹுஸ்னாவ டியூஷனுக்கு யாரு கொண்டு விட்டா? ஒங்க துபாய் ஷேக்கா? ஒம்போது வருஷம், மழையிலயும் நாந்தான்."

"சொல்லவே இல்லியே."

"சொன்னா அங்கன உக்காந்து பயந்துட்டே கெடப்பீங்க."

பார்க்காமல் விட்ட அந்த வருஷங்களை மசூது விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அதற்குள் அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

"பின்னால ஏறுங்க. கைலி கட்டிருக்கீங்க, ஒரு பக்கமா உக்காருங்க."

மசூது கைலியை ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார்.