பேர் வெட்டிய டம்ளர்

எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும். அந்த டம்ளரை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

வேலுத்தாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்படிக்குள் அவள் கணவன் சங்கிலிமுத்து பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தான். வாசலில் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் விலாவைத் திறந்து போட்டபடி நின்றது. கோடையில் அதன் ஏர் பில்டர் டப்பா உடைந்து போனது. அன்றிலிருந்து வண்டி வாயைப் பிளந்துகொண்டு காற்றை இழுத்தது. இழுக்கும்போதெல்லாம் அலறியது.

"ஏ வேலு, டீ வடிகட்டி எங்கன?"

"அதைத்தான் போன வாரமே வண்டி வாயில மாட்டிட்டீகளே. அன்னையிலருந்து துணியிலதான் டீ வடிக்கேன்."

"அது சத்தத்தை அடக்கல. பழைய தலையணை ஏதும் கெடக்கா?"

அவள் தன் தலையணையையே எடுத்துக் கொடுத்தாள். கொடுக்காமல் எப்படி இருப்பது? சிவகாசி ரோட்டுப் பட்டாசு ஆலையில் சங்கிலிமுத்து போர்மேன். முதலாளி நேற்று மறுபடியும் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீ வர்றது ஆமத்தூரு வரைக்கும் கேக்குது. உன் சத்தத்தைக் கேட்டதும் அம்புட்டுப் பொம்பளைகளும் நல்லபிள்ளையா உக்காந்துக்கிடுதாளுக. எவ சும்மா இருக்கான்னு எப்படிய்யா பிடிப்ப? தீவாளிக்குள்ள வண்டியைச் சரி பண்ணு. இல்லைன்னா நான் வேற போர்மேனைப் பாத்துக்கிடுதேன்."

 அதோடு, புருஷன் கேட்டு அவள் எதையும் இல்லை என்று சொன்னதும் கிடையாது. கல்யாணத்துக்கு முன் அவளும் வெடிமருந்து அடைக்கும் ரூமில் வேலை பார்த்தவள்தான். ஒரு நாள் கை நடுங்கி மருந்து உரசிப் பிடித்துக்கொண்டது. வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் வெந்து ஒன்றாக ஒட்டிவிட்டன. தன் கை நடுங்கியதுதான் தப்பு என்று அவள் யாரையும் நொந்துகொள்ளவில்லை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு மூன்று மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நாலாவதாக வந்த சங்கிலிமுத்து காப்பியோடு அந்தக் கையையும் பிடித்துக்கொண்டான். தலையணை என்ன பெரிய தலையணை.

பஞ்சு வைத்ததும் வண்டிக்கு மூச்சு முட்டியது. கறுப்புப் புகையாகக் கக்கியது. நாலு அடிக்கு ஒருமுறை பின்னால் 'டமார்' என்று வெடித்தது. ஆமத்தூர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பட்டாசுக்காரர்கள். திரும்பிப் பார்க்காமலே ரகம் பிரித்தார்கள்.

"இது லட்சுமி வெடி."

"போவேய், அடிவயித்துல கேக்கு. அணுகுண்டு."

அடுத்து மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் போனது. புனலை மாட்டியதும் வெடிச்சத்தம் நின்றது. ஆனால் வண்டி கொம்பு ஊத ஆரம்பித்தது. ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் அது திரும்பும்போதே எதிர்வீட்டு எருமை தலையைத் தூக்கி, அதே சுருதியில் பதில் குரல் கொடுத்தது.

"மதினி, உலையை வைங்க. அண்ணன் கூப்பிடுதாரு, எருமை வாரேங்குது," என்று பக்கத்து வீட்டு மாரிசெல்வி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவளும் அதே ஆலையில்தான் மருந்து அடைக்கிறாள்.

"சிரி, சிரி. அவருக்கு வேலை போச்சுன்னா உனக்கு வேற போர்மேன் வருவான். அப்பத் தெரியும்."

மாரிசெல்வியின் சிரிப்பு சட்டென்று நின்றது. தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

வேலுத்தாய்க்கு ஒன்றுதான் புரியவில்லை. ஊரில் யார் வீட்டு கிரைண்டர் நின்றாலும், ரேடியோ ஊமையானாலும் சங்கிலிமுத்து கை வைத்தால் பேசும். தையல் மிஷின் அவன் கண்ணைப் பார்த்தே ஓடும் என்பார்கள். இந்த வண்டி மட்டும் அவன் தொடத் தொடக் கெட்டுப் போகிறதே, யார் கண் பட்டதோ?

மறுநாள் அது நடந்தேவிட்டது. அவள் தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளரின் அடியில் சங்கிலிமுத்து ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். 'வே. வேலுத்தாய்' என்று பேர் வெட்டிய டம்ளர்.

"கோவிச்சுக்கிடாத வேலு. இதுதான் வாய்க்குக் கச்சிதமா இருக்கு."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அவள் பேரைத் தாங்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. கொம்பு போய் இப்போது நாதஸ்வரம். எருமைக்கே பதில் சுருதி பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு கல்யாணம். "இந்த வண்டியில போனா மேளக்காரன் கோவிச்சுக்கிடுவான்," என்று சங்கிலிமுத்து பஸ்ஸில் போனான். பஸ் புறப்பட்ட கையோடு வேலுத்தாய் மெக்கானிக் செல்வக்குமாரைக் கூட்டி வந்தாள்.

அவன் டம்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அக்கா, இது அண்ணன் செஞ்சதா? எந்த இடத்துல ஓட்டை போட்டா சத்தம் கூடுமோ, அங்கன பாத்துப் பாத்துப் போட்டிருக்காரு. தெரியாமச் செஞ்சா இப்படி அமையாதே."

"அவரு நேரம் அப்படி. நீ சரி பண்ணுப்பா."

ஒரு பழைய வண்டியில் இருந்து கழற்றிய ஏர் பில்டர் டப்பாவை முழுசாக மாட்டினான் செல்வக்குமார். வேலுத்தாய் டம்ளரைக் கழுவி அடுப்படி அலமாரியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை சங்கிலிமுத்து வண்டியை உதைத்தான். வண்டி, கோயிலுக்குள் பேசுகிறவர்கள் மாதிரி மெல்ல முனகியது. எருமை அசை போட்டுக்கொண்டே இருந்தது. அவன் கீழே குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"செல்வக்குமாரா?"

"ம். எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் பண்ணியிருக்கான்," என்றான். அவன் குரல் கம்மியிருந்தது. சந்தோஷத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து வேலுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி, கையில் மிட்டாய்ப் பெட்டி. பின்னால் சங்கிலிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"இன்னைக்கு நானே உன் வீட்டுக்காரன் பின்னால உக்காந்து போனேம்மா! ஒரு சத்தம் இல்ல. பூனை மாதிரி உள்ள நுழைஞ்சோம். வேப்பமரத்தடியில அஞ்சு பொம்பளைக காலை நீட்டிக் கதை பேசிக்கிட்டு இருக்காளுக!" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மத்த ரெண்டு யூனிட்டுப் போர்மேன் வண்டிக்கும் இதே மாதிரி செய்யணும். எந்த மெக்கானிக்குன்னு கேட்டா இவன் வாயே தொறக்க மாட்டேங்கான். நீ சொல்லும்மா."

"சொல்லுதேன் மொதலாளி. மொதல்ல தண்ணி குடிங்க."

பெருமை தாங்காமல் அடுப்படிக்கு ஓடினாள். கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்துக் குடத்தைச் சாய்த்தாள். கொல்லைவாசலில் மாரிசெல்வி நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"என்ன மதினி இப்படிப் பண்ணிட்டீக?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "மொதலாளி என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னதே தெரியல. 'ஏய்'னு ஒரு அதட்டு. திடுக்குன்னு திரும்புனதுல மருந்துத் தட்டு மடியில சாஞ்சிருச்சு. ஒரசல. நான் கும்பிட்ட மாரியாத்தா காப்பாத்துனா."

"உங்க அண்ணன் ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"வண்டிதான் குரல் கொடுக்கும் மதினி. அண்ணன் எங்க கிட்ட முன்னமே சொல்லியிருக்காரு. 'பின்னால ஒரு போர்மேன் பூனையா வந்து கத்துனதுலதான் எம் பொண்டாட்டி கை வெந்துச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான் வர்றது உங்களுக்கு ரெண்டு பர்லாங்குக்கு முன்னாலயே கேக்கணும்'னு. அந்தப் பில்டர் டப்பா தானா உடையல மதினி. அண்ணன்தான் சுத்தியலால உடைச்சாரு. வண்டியைப் பிடிச்சுக்கிட்டதே நான்தான்."

காலில் சில்லென்று பட்டது. வேலுத்தாய் குனிந்து பார்த்தாள். ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஓட்டை வழியாக இறங்கிப் பாதத்தை நனைத்திருந்தது. டம்ளரில் அவள் பேர் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஒட்டிய இரண்டு விரல்களும் அதன் மேல் அழுந்தியிருந்தன. இத்தனை வருஷமாக அவள் நடுங்கியதாகச் சொல்லிவந்த விரல்கள்.

வெளியே வந்தாள். புருஷனுக்கு வேலை போனாலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். காலி டம்ளரைச் சங்கிலிமுத்துவின் கையில் வைத்தாள். அவன் அதையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"என்னம்மா, மெக்கானிக்கு பேரு என்ன?"

"மெக்கானிக்குன்னு யாரும் இல்லைங்க மொதலாளி," என்றாள் வேலுத்தாய் மெதுவாக. "அது தானாச் சரியாச்சு. நாளைக்குக் காலையில தானாக் கெட்டுப் போயிரும்."