ஹெட்லைட்டுக்குள் என் பல்

சித்திரை வெயிலில் கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு வேலை செய்த ஒரே ஆள் இந்த இருங்காட்டுக்கோட்டையில் அவர்தான். ஸ்டுடியோக்காரர். பெயர் யாருக்கும் தெரியாது. போர்வை அண்ணன். அவர் கடை மாடியில்தான் கம்பெனி வேலைக்கு வந்த எங்கள் எட்டுப் பேருக்கும் ரூம்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் அவர் பிழைப்பு. ஒரு நாள், கார் ஹெட்லைட் செய்யும் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்குப் படம் கேட்டது. எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் பார்த்தார்.

"லைட்டுக்குள்ள லுங்கி கட்டிக்கினு ஒருத்தர் நிக்கிறாரே, அவரையும் சேத்து விக்கணுமா?"

கண்ணாடி அப்படித்தான். எதிரில் உள்ளதையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வருவேன், அன்றும் சரியில்லை என்றால் வேலை சென்னைக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்.

அன்று பிடித்ததுதான் போர்வை. லென்சுக்கு மட்டும் ஓட்டை. சுவர், ஃபேன் எல்லாவற்றுக்கும் கறுப்புத் துணி. காலண்டரையும் மூடினார். "மன்னிச்சுக்கோ முருகா, நீயும் தெரியிற."

வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, அதற்குப் பின்னால் விளக்கு வைத்தார். "கண்ணாடிக்கு லைட்டு அடிக்கக் கூடாதுடா. கண்ணாடி எதைப் பாக்குதோ அதுக்கு அடிக்கணும்."

ஞாயிறு எனக்கு லீவு. வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாகோல் அட்டை பிடிக்கக் கூப்பிட்டார்.

"எட்டுப் பேரு இருக்கோம். நான் எதுக்குண்ணே?"

"நீதான் சிரிக்கவே மாட்ட. மத்தவனுங்க பல்லு கண்ணாடில வந்துரும்."

எனக்கும் ஒரு போர்வை. மூஞ்சி மட்டும் வெளியே.

இரண்டரை மணி. கதவு திறந்தது. கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சட்டை பளிச்சென்றது.

"எவன்டா அது? சட்டை அடிக்குது!" அண்ணன் போர்வைக்குள் இருந்தபடியே இன்னொரு போர்வையை எடுத்து, வந்தவர் தலையில் போட்டார். "ஆடாத. மூச்சு வுடாத."

வந்தவர் மேனேஜர். சொல்ல வாயெடுத்தேன்.

"வாயத் தொறக்காத. பல்லு!"

பத்துப் படம் எடுத்திருப்பார். மூன்றாவது போர்வைக்குள்ளிருந்து சன்னமாக ஒரு குரல்.

"ஸ்டுடியோக்காரரே, இப்ப மூச்சு வுட்டுக்கட்டுமா?"

சிரித்துவிட்டேன். ஊரைவிட்டு வந்த நாலு வருஷத்தில் முதல் தடவை. அதே நேரம் கேமராவும் அடித்தது.

அண்ணனுக்குக் குரல் பிடிபட்டது. சட்டென்று போர்வையை உருவினார். வேர்வையில் தொப்பலாக நனைந்து நின்றார் மேனேஜர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கடைசிப் படத்தைத் தவிர, உள்ள யாரும் இல்லய்யா. வேலை உங்களுக்குத்தான். அடுத்த தடவை மோராவது வாங்கி வைங்க."

இப்போது நான் ஒரகடத்தில் வேறு கம்பெனி. போன மாதம் அவர் கடைக்குப் போனேன். சுவரில் பெரிய ஃப்ரேம். ஹெட்லைட். அதற்குள் என் பல்.

"கெட்டுப்போன படத்தை எதுக்குண்ணே மாட்டியிருக்கீங்க?"

"இதுவா கெட்டுப் போச்சு? போடா." ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். "ஆத்தாகிட்ட காட்டு."

ஊருக்குப் போய்க் காட்டினேன். ஆத்தா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சிரிக்கிறது நீ. பக்கத்துல கறுப்பா நிக்கிறது யாருடா?"

"எங்க அண்ணன்" என்றேன்.