ஆச்சரியக்குறி இல்லாத எச்சரிக்கை

திருடர்களைவிடத் திருடர்களைப் பற்றி அதிகம் பேசுகிற ஓர் இனம் உலகில் உண்டு. அதற்கு எச்சரிக்கைப் பிரியர் என்று பெயர். தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்கள் குடும்பக் குழுவில் ஒருவர் இந்த நிமிஷமும் எதையாவது தட்டிக்கொண்டுதான் இருப்பார்.

நம் கதாநாயகருக்குத் தண்ணீர் பம்பு கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. அண்ணன் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சைரன் சித்தப்பா. காலையில் கண் விழித்ததும் போனை எடுத்து, நீலப் பூ படம் வந்தால் திறக்காதீர்கள், திறந்தால் போன் வெடிக்கும் என்றும், இன்று முதல் நம் பேச்சையெல்லாம் பதிவு செய்கிறார்கள், ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று உங்கள் பக்கத்தில் எழுதிவையுங்கள் என்றும், விரலை நீட்டிப் படம் எடுத்துப் போட்டால் ரேகையை உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்றும், ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு ஆச்சரியக்குறிகளும் இரண்டு சிவப்பு விளக்குகளும் சேர்த்து, பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்ற கட்டளையோடு அனுப்பிவிட்டுத்தான் பல்லே துலக்குவார். உண்மையா என்று பார்த்தாரா? தீப்பிடித்தது என்று கத்துகிறவன் தீப்பெட்டியின் விலையையா விசாரிப்பான்?

கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்றுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவரின் சொந்தக் கடவுச்சொல் என்ன? அவர் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அலுவலகம், மின்னஞ்சல், மனைவியின் வலைத்தளம், அவளுடைய சமூக ஊடகப் பக்கம் எல்லாவற்றுக்கும் அதேதான்.

“இவ்வளவு சுலபமா வெச்சிருப்பேன்னு எவன்யா நினைப்பான்?” என்பது அவர் சித்தாந்தம்.

மனைவி கைக்குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறவள். எட்டு வருஷமாக ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறாள். பின்னும் முறையை எழுதுவாள், சட்டை போட்ட குழந்தைகளின் படங்களைப் போடுவாள். ஆர்டர்கள் அங்கேதான் வரும். முகம் தெரியாத பெண்கள் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்துகூட அவளுக்கு எழுதுவார்கள். ஊசியில் எத்தனை கண்ணி போட வேண்டும் என்பதைத் தவிர எதையும் யாருக்கும் அவள் போதித்ததில்லை. அந்தத் தளத்தின் பாதுகாப்பு இலாகா மட்டும் கணவரிடம். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட பதவி அது.

தளத்தைத் திறந்தால் மேலே ஒரு மஞ்சள் பட்டை தெரியும். படங்களைக் காட்டும் சிறு நிரல் ஒன்று பழசாகிவிட்டது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கும்.

“ஏங்க, இது ரொம்ப நாளா அப்டேட் பண்ணச் சொல்லிக் கெஞ்சுதே, பாக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

“கெஞ்சுறவனை நம்பவே கூடாது. உள்ள வர்றதுக்கு அவன் போடுற வேஷமே அதுதான்.”

“நம்ம தளமே சொல்லுதுங்க.”

“திருடன் பின்ன திருடன்னு எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்?”

அவள் பின்னலுக்குத் திரும்பிவிட்டாள். அந்த வாரமே தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. அந்த நிரலில் ஓட்டை இருக்கிறது, அது வழியாகப் பலர் தளங்களில் ஆட்கள் புகுந்திருக்கிறார்கள், தயவுசெய்து புதுப்பிக்கவும் என்று நாலே வரி. நம்மவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். சிவப்பு விளக்கு இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லவில்லை. வெடிக்கும் என்று ஒரு வார்த்தை? ஊகூம். போலி என்று தீர்ப்பளித்து அழித்தார். அதே கம்பெனி இன்னும் இரண்டு தடவை எழுதியது. இரண்டு தடவையும் அழித்தார். அழித்துவிட்டு வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அப்புறம் நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். புகுந்தார்கள். குட்டிச் சட்டை படத்தைத் தொட்டால் தொப்பை குறைக்கும் மாத்திரை விற்கும் கடை திறந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் என்பதால் அவளுடைய சமூக ஊடகப் பக்கமும் கையோடு போயிற்று. அங்கிருந்து அவள் பேரிலேயே எல்லோருக்கும் ஒரு செய்தி: ‘உங்க வீட்டுக் குழந்தைக்கு ஒரு சட்டை பின்னி வெச்சிருக்கேன். அளவு சொல்ல இதை அழுத்துங்க.’

நம்மவர் பதறிப்போய் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பொறுமைசாலி.

“சார், மூணு மெயில் அனுப்பியிருந்தோமே?”

“அது போலின்னு நினைச்சேன்மா.”

“ஏன் சார்?”

“ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லையேம்மா!”

 அந்தப் பெண் தளத்தை மூடிவைப்பதாகவும், சுத்தம் செய்ய நாளாகும் என்றும் சொன்னாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. தன் வாழ்நாளிலேயே முதன்முதலாக ஓர் உண்மையான எச்சரிக்கையை எழுதினார். ‘என் மனைவி பெயரில் வரும் லிங்கை யாரும் அழுத்தாதீர்கள்!!!!!!!’ குடும்பக் குழு, ஆபீஸ் குழு, குடியிருப்புக் குழு என்று ஒன்று விடாமல் அனுப்பினார். அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். அவருடைய பக்கமும் போயிருந்தது. அண்ணியுடையதும்.

“நான் அனுப்பினதைப் படிக்கலையா அண்ணே?”

“உன்னோடதை யார்டா படிக்கிறது? தினம் புலி வருது புலி வருதுன்னு கத்துறே. ரெண்டு வருஷமா உன்னை எல்லாருமே மியூட்டுல போட்டு வெச்சிருக்கோம். உனக்குத் தெரியாதா?”

தெரியாது. பாதுகாப்பில் இவ்வளவு கெட்டிக்காரருக்கு அது மட்டும் தெரியாது.

“அப்ப அவ அனுப்பினதை மட்டும் ஏன் தொறந்தீங்க?”

“அவ அனுப்பினா தொறக்காம? அந்தப் பொண்ணு என்னைக்காவது தேவையில்லாம ஒரு வார்த்தை அனுப்பியிருக்காளா?”

ஸ்பீக்கர் போட்டிருந்தது. பக்கத்திலேயே மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கை மட்டும் பின்னி முடித்த சட்டை. அவள் அழவில்லை. ஆனால் அவமானத்தில் முகம் சிவந்துபோயிருந்தது.

“எட்டு வருஷமா சேத்து வெச்ச பேருங்க. அதை வெச்சே எல்லாரையும் ஏமாத்திட்டான்” என்றாள். பிறகு, “புள்ளைங்க இருக்கிற எந்த வீட்டுல இனி என் பேரை நம்புவாங்க?” என்று கேட்டாள்.

“பாஸ்வேர்டைச் சொல்லுங்க. இனிமே நானே பாத்துக்கறேன்.”

சொன்னார். அவள் சிரிக்கக்கூட இல்லை.

தளம் திரும்பி வந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மஞ்சள் பட்டை தலைகாட்டினால் இப்போது அவளே அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அந்த வேலையை முடிக்கிறாள். அது பால் பொங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. நம்மவர் திருந்திவிட்டாரா? தளம் திரும்பி வந்த மறுநாள் காலை குழுவில் இப்படி வந்தது: ‘அப்டேட் செய்யாதவர்கள் ஜாக்கிரதை!!!!!!!! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!!!’

இந்த இனத்தைச் சேர்ந்தவர் நீங்கள் இல்லை என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, ‘அவருக்கு அனுப்ப வேண்டும்’ என்று ஒரு முகம் உங்களுக்குத் தோன்றியதே, அதுதான் கொஞ்சம் உதைக்கிறது. அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குமுன் உங்கள் போனில் ‘பிறகு நினைவூட்டு’ என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்தச் சின்னச் செய்தியை ஒருமுறை பாருங்கள். அப்படியே இன்னொன்றும்: நீங்கள் அனுப்புவதற்கெல்லாம் கொஞ்ச நாளாக யாருமே பதில் போடுவதில்லையே, கவனித்தீர்களா?